சிறிய இடங்களுக்கான கணினி வலையமைப்பும் சேவையக இயங்குதளத் தெரிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பாடசாலைக் கணினிக்கூடங்கள், தோட்ட அலுவலகங்கள், தனியார் வகுப்பு நிலையங்கள் ஆகியவற்றுக்கு வலையமைப்பு அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஐந்து முதல் முப்பது கணினிகள் வரை உள்ள இடங்களை மனத்தில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

1. வலையமைப்பு என்றால் இன்டர்நெட் கனெக்‌ஷன்தானே?

இல்லை. ஒரு கட்டடத்துக்குள் உள்ள கணினிகளும் அச்சுப்பொறியும், மற்றக் கணினிகளுக்குக் கோப்புகளையும் சேவைகளையும் வழங்கும் கணினியான சேவையகமும் தம்முள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடே உள்ளக வலையமைப்பு. அது இயங்க இணையம் தேவையில்லை. இணையம் என்பது அந்த வலையமைப்பை வெளியுலகத்தோடு இணைக்கும் ஒரு வழி மட்டுமே.

நமது பகுதிக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. மழைக்காலத்தில் மரம் விழுந்து இணைப்பு இரண்டு நாள் இல்லாமற் போனாலும், பாடங்களும் கோப்புகளும் உள்ளே ஒரு சேவையகத்தில் இருந்தால் வகுப்பு தடையின்றி நடக்கும். ஆகவே இணைய இணைப்பு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று வலையமைப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

2. ரவுட்டர் பெட்டியிலேயே நாலு ஓட்டை இருக்கிறது. பிறகு எதற்குத் தனியாக சுவிட்ச்?

வீட்டு ரவுட்டர் என்று விற்கப்படும் பெட்டிக்குள் மூன்று கருவிகள் இருக்கின்றன: இரு வலையமைப்புகளை இணைக்கும் ரவுட்டர், ஒரே வலையமைப்பில் உள்ள கணினிகளைக் கம்பியால் இணைக்கும் சுவிட்ச், வை-ஃபை தரும் அணுகுபுள்ளி. நான்கு கணினிகள் வரை அது போதும். அதற்கு மேல் போனால் 16 அல்லது 24 வாயில்கள் கொண்ட, ஒரு கிகாபிட் வேகமுள்ள சுவிட்ச் ஒன்றை வாங்கி ரவுட்டரின் ஒரு வாயிலோடு இணைத்துவிடலாம். அதன் பின் உள்ளகப் போக்குவரத்து முழுவதையும் சுவிட்சே பார்த்துக்கொள்ளும்.

3. எங்கள் கணினியில் 192.168.1.5 என்று காட்டுகிறது. பக்கத்துப் பாடசாலையிலும் அதே எண். இது எப்படிச் சரியாகும்?

முற்றிலும் சரிதான். 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரையானவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளும் தனியார் வலையமைப்புகளுக்கென 1996 ஆம் ஆண்டிலேயே ஒதுக்கப்பட்டுவிட்டன. இவற்றை யாரும் எவரிடமும் கேட்காமல் தம் கட்டடத்துக்குள் பயன்படுத்தலாம். இவை இணையத்தில் வெளியே செல்லமாட்டா.

லயன் வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கு வந்து, அலுவலகத்திலிருந்து உரியவருக்குப் பிரித்துக் கொடுக்கப்படும் முறையை நாம் அறிவோம். ரவுட்டரும் அதையே செய்கிறது. வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டரின் பொது முகவரி ஒன்றுதான்; உள்ளே எந்தக் கணினி எதைக் கேட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வரும் பதிலை ரவுட்டர் அந்தக் கணினிக்கு அனுப்புகிறது.

4. சப்நெட் மாஸ்க், கேட்வே, டி.என்.எஸ். என்று மூன்று கட்டம் கேட்கிறது. எதில் எதைப் போடுவது?

சப்நெட் மாஸ்க், எந்த முகவரிகள் நமது வலையமைப்புக்குள் இருக்கின்றன என்பதைக் கணினிக்குச் சொல்கிறது. 255.255.255.0 என்று கொடுத்தால் கடைசி எண் மட்டும் மாறும் 254 முகவரிகள் பயன்படுத்தக் கிடைக்கும்; நமது இடங்களுக்கு அது தாராளம். கேட்வே என்பது வெளியே செல்லும் வாசல், அதாவது ரவுட்டரின் உள் முகவரி. டி.என்.எஸ். என்பது பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் சேவையின் முகவரி.

இம்மூன்றையும் அறிந்தவர் பாதிக் கோளாறுகளைத் தாமே கண்டுபிடித்துவிடலாம். மறுமுனை பதில் தருகிறதா என்று சோதிப்பது பிங் கட்டளை; முதலில் அதை ரவுட்டரின் முகவரிக்குக் கொடுங்கள். பதில் இல்லையென்றால் பெரும்பாலும் கம்பியிலோ முகவரியிலோ பிழை. அது சரியென்றால் இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்குக் கொடுங்கள். பதில் இல்லையென்றால் இணைய இணைப்பில் பிழை. அதுவும் சரி, ஆனால் தளங்களின் பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ்.ஸில் பிழை. இந்த வரிசையை மாற்றாமல் பார்த்தால் நேரம் வீணாகாது.

5. எல்லாக் கணினிக்கும் கையால் முகவரி கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். ரவுட்டரில் உள்ள டி.எச்.சி.பி. சேவை முகவரிகளைத் தானாகவே பகிர்ந்தளிக்கும். சேவையகம், அச்சுப்பொறி, வருகைப்பதிவுக் கருவி போன்று மற்றவர்கள் தேடிவரும் கருவிகளுக்கு மட்டும் மாறாத முகவரி வேண்டும். அவற்றுக்கு முகவரியின் கடைசி எண் 2 முதல் 50 வரை ஒதுக்கிவிட்டு, டி.எச்.சி.பி. 100 இலிருந்து வழங்கும்படி அமைத்தால் மோதல் வராது.

ஒரு வலையமைப்பில் ஒரு டி.எச்.சி.பி. மட்டுமே இருக்க வேண்டும். யாராவது வை-ஃபை எட்டவில்லை என்று வீட்டிலிருந்து பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து சுவிட்சில் செருகினால், அதுவும் முகவரி வழங்கத் தொடங்கும். அதனிடம் முகவரி பெற்ற கணினிகளுக்குத் திடீரென்று இணையம் இல்லாமற் போகும். இணைய நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், அந்தக் கணினிக்கு எந்த டி.எச்.சி.பி. சேவையிலிருந்தும் பதில் கிடைக்கவில்லை என்று பொருள்.

6. கம்பி இழுப்பது செலவு. எல்லாவற்றையும் வை-ஃபையில் விட்டால் என்ன?

தொலைபேசிகளுக்கும் மடிக்கணினிகளுக்கும் வை-ஃபை போதும். சேவையகம் மட்டும் எந்த நிலையிலும் கம்பியில்தான் இருக்க வேண்டும். கணினிக்கூடத்துக்கும் கம்பியே நல்லது. பழைய பங்களாக்களின் கருங்கற் சுவர்களும், தகரக் கூரையும், தேயிலைத் தொழிற்சாலைகளின் இரும்புச் சட்டங்களும் அலைகளை மறிக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைச் சற்றுத் தாண்டும், ஆனால் நெரிசல் மிகுந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கற்சுவரில் விரைவாகத் தளர்ந்துவிடும். முப்பது மாணவர்கள் ஒரே நேரத்தில் ஒரு காணொளியைத் திறந்தால், மலிவான அணுகுபுள்ளி ஒன்றினால் அதைத் தாங்க முடியாது.

7. மேல் கட்டடத்திலிருந்து கீழ்க் கட்டடத்துக்கு அதே வயரை இழுத்துவிட்டோம். இடி இடித்த பிறகு சுவிட்ச் செத்துவிட்டது. ஏன்?

மலையகத்தில் நான் மிக அதிகமாகக் காணும் சேதம் இதுதான். சித்திரை மாதத்தை ஒட்டியும், பின்னர் ஒக்டோபர், நவம்பரிலும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் மாலை வேளைகளில் இடிமின்னல் கடுமையாக இருக்கும். மின்னல் கட்டடத்தின் மீது நேராக விழ வேண்டும் என்பதில்லை. அருகில் விழுந்தாலே நீண்ட செப்புக் கம்பியில் உயர் மின்னழுத்தம் தூண்டப்படும். அத்துடன் இரு கட்டடங்களின் நில இணைப்புகளுக்கும் இடையில் மின்னழுத்த வேறுபாடு உருவாகி, அது உங்கள் வலையமைப்புக் கம்பி வழியாகவே சமன்பட முயலும். இரு முனைகளிலும் உள்ள சுவிட்சுகள் கருகுவது இதனால்தான். தவிர, சாதாரண செப்பு வலையமைப்புக் கம்பியின் எல்லை 100 மீற்றர். மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சுற்றி இழுக்கும்போது அந்த எல்லை எளிதில் தாண்டப்படுகிறது.

கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. தூரமும் இங்கே பிரச்சினை இல்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தொங்கவிடும் ஃபைபர் கேபிள்கள் பலவற்றில் பாரத்தைத் தாங்குவதற்கு ஓர் எஃகுக் கம்பியும் இருக்கும். உலோகமே இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்த எஃகை உள்ளே கருவிகளுக்கு அருகில் வராதபடி வெளியிலேயே நிறுத்தி முறையாக நிலத்தோடு இணைக்கச் செய்யுங்கள்.

ஃபைபர் முடியாத இடத்தில், ஒன்றையொன்று நேரே பார்க்கும் இரு வானலைக் கருவிகளைப் பொருத்தலாம். மூடுபனியில் இணைப்பு விழுகிறது என்று பலர் முறையிடுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலையை மூடுபனி ஏறக்குறைய பாதிப்பதே இல்லை. இடையில் நிற்கும் நிழல் மரங்களின் நனைந்த இலைகளே அதை விழுங்குகின்றன. கோடையில் பார்வைக்கு வழி இருக்கிறது என்று நம்பிப் பொருத்தாமல், மரம் வளர்ந்து இலை நனைந்த நாளை எண்ணிக் கம்பத்தின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

8. சேவையகம் என்றால் விலை கூடிய விசேட கணினியா? பழைய டெஸ்க்டொப் போதாதா?

சேவையகம் என்பது ஒரு கணினி செய்யும் வேலையைக் குறிக்கிறது. மற்றவர்களுக்குக் கோப்பையோ பக்கத்தையோ அச்சு வசதியையோ வழங்கும் எந்தக் கணினியும் சேவையகமே. பத்துப் பேர் கோப்புகளைப் பகிர்வதற்கு 8 கிகாபைட் நினைவகம் கொண்ட பழைய டெஸ்க்டொப் போதுமானது. பணம் இருந்தால் அதை மின்விசிறியிலும் வெளிப்பெட்டியிலும் செலவிடாமல், ஒரே தகவலை இரண்டிலும் எழுதும்படி இணைத்த இரு புதிய வட்டுகளிலும் நல்லதொரு யூ.பி.எஸ்.ஸிலும் செலவிடுங்கள்.

நுவரெலியா போன்ற இடங்களில் குளிரூட்டி தேவைப்படாது. ஈரப்பதமே பகை. சுவரில் நீர் கசியும் அறையிலும், தரையிலும், சன்னலோரத்திலும் கணினியை வைக்காதீர்கள். இரவில் அணைக்காமல் ஓடும் கணினியின் இளஞ்சூடே உள்ளே நீர் படியாமல் காக்கும்.

9. அந்தக் கணினியில் ஏற்கெனவே விண்டோஸ் இருக்கிறது. அதிலேயே ஒரு ஃபோல்டரை ஷேர் பண்ணினால் முடிந்ததே?

மூன்று நான்கு பேர் என்றால் முடியும். ஆனால் சாதாரண விண்டோஸ் 10, 11 பதிப்புகளின் உரிமம், பகிர்வுச் சேவையோடு இணையும் சாதனங்களை 20 என்று கட்டுப்படுத்துகிறது. இற்றைப்படுத்தலுக்காக வேலை நேரத்தில் தானாக மறுதொடக்கம் செய்யும் பழக்கமும் அவற்றுக்கு உண்டு. விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. எல்லோரும் இணையும் ஒரு கணினியை அதில் தொடர்ந்து நடத்துவது ஆபத்தானது.

10. சேர், நேராகச் சொல்லுங்கள்: விண்டோஸ் சேர்வரா, லினக்ஸா?

இரண்டும் இயங்குதளங்கள், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்கள்: முன்னது மைக்ரோசொஃப்ட் விற்பது, பின்னது உரிமக் கட்டணமின்றிக் கிடைப்பது. நீங்கள் ஓட்ட வேண்டிய மென்பொருள் எது என்பதை முதலில் எழுதுங்கள். தோட்டச் சம்பளக் கணக்கு, கொழுந்து நிறுவைப் பதிவு, கடைக் கணக்கு ஆகியவற்றுக்காக வாங்கப்பட்ட மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்றால் விவாதத்துக்கு இடமில்லை; விண்டோஸ் சேர்வர் எடுங்கள். தகவல்களைச் சேமிக்கும் தரவுத்தளம் மட்டும் மைக்ரோசொஃப்ட் எஸ்.கியூ.எல். சேர்வர் என்றால், 2017 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அது லினக்ஸிலும் இயங்குகிறது. ஆனால் உங்களுக்கு மென்பொருள் விற்றவர் அந்த ஏற்பாட்டுக்குப் பொறுப்பேற்பாரா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கோப்புப் பகிர்வு, அச்சு, மூடுல் என்னும் பாடசாலையின் இணையவழிப் பாடத் தளம், உள்ளக இணையப் பக்கம், விளம்பரத் தடுப்பு போன்றவைதான் தேவை என்றால் லினக்ஸே பொருத்தம். இவையெல்லாம் அங்கே உரிமக் கட்டணமின்றி, குறைந்த நினைவகத்தில் இயங்கும்.

விலையைக் கணக்கிடும்போது விண்டோஸ் சேர்வரின் தலைப்பு விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டாண்டர்ட் பதிப்பின் உரிமம் செயலிக்குள் தனித்தனியே கணிக்கும் அலகுகளான கருக்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. உங்கள் கணினியில் நான்கு கருக்களே இருந்தாலும் குறைந்தது 16 கருக்களுக்கு வாங்க வேண்டும். அதற்கு மேல், இணையும் ஒவ்வொரு பயனருக்கோ சாதனத்துக்கோ தனி அணுகல் உரிமமும் தேவை.

இரண்டுக்கும் பொதுவான ஒரு கேள்வி இருக்கிறது. எனக்கு அதுவே எல்லாவற்றிலும் பெரியது. ஒரு சனிக்கிழமை காலையில் சேவையகம் எழவில்லை என்றால் யார் வந்து பார்ப்பார்? தலவாக்கலையில் இருக்கும் உங்களுக்குக் கொழும்பிலிருந்து ஆள் வர ஒரு நாள் ஆகும். உங்களிடமோ ஒரு மணி நேரப் பயணத் தூரத்திலோ யாருக்கு எது நன்றாகத் தெரியுமோ, அதைத் தெரிவு செய்வது எந்த ஒப்பீட்டுப் பட்டியலையும் விடப் பயன் தரும்.

11. கடையில் விண்டோஸ் சேர்வரை அக்டிவேட் பண்ணித் தருகிறார்களே, அது போதாதா?

தயவுசெய்து வேண்டாம். உரிமத்தை ஏமாற்றும் கருவி, இயங்குதளத்தின் உயர்ந்தபட்ச அதிகாரத்தோடு ஓடும் அந்நிய நிரல். அதனோடு வேறு என்ன வந்து அமர்ந்தது என்பதைக் கடைக்காரரும் அறியமாட்டார். நூற்றுக்கணக்கான தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்களும் சம்பள விவரங்களும் இருக்கும் கணினியில் அதை ஓடவிடுவது பெரும் பொறுப்பற்ற செயல். பழகிப் பார்க்க வேண்டுமானால் மைக்ரோசொஃப்ட் தானே 180 நாள் மதிப்பீட்டுப் பிரதியைத் தருகிறது. அது கற்பதற்கு மட்டும்.

12. லினக்ஸ் என்று தேடினால் டெபியன், உபுண்டு, ரொக்கி, அல்மா என்று வருகிறது. எதை எடுப்பது?

அடிப்படையில் எல்லாம் இயங்குதளத்தின் மையப்பகுதியான ஒரே லினக்ஸ் கருவின் மீது கட்டப்பட்டவை. வேறுபடுவது, எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், யார் நடத்துகிறார்கள் என்பவை. டெபியன் 1993 இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் நடத்தும் திட்டம். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பதிப்பு வரும், ஒவ்வொன்றுக்கும் நீண்டகால ஆதரவையும் சேர்த்து ஐந்து ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும். டெபியன் 13 ஆம் பதிப்பு 2025 ஓகஸ்ட்டில் வந்தது. டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவில், இரட்டை எண் ஆண்டுகளின் ஏப்ரலில் வரும் நீண்டகால ஆதரவுப் பதிப்பை மட்டும் எடுங்கள். அதற்கு ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பது மாதமே ஆயுள்.

ரொக்கியும் அல்மாவும் ரெட் ஹட் நிறுவனத்தின் லினக்ஸ் வழியைச் சேர்ந்தவை. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் பத்து ஆண்டு ஆதரவு. அதே வழியில் வந்த சென்ட் ஓ.எஸ். 8 பதிப்பு 2029 வரை இருக்கும் என்று நம்பிப் பலர் நிறுவியிருந்த வேளையில், 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என்று 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றிடத்தில் எழுந்தவையே இவ்விரண்டும். ஆதரவுக் காலம் என்பது வாக்குறுதிதான் என்பதை அந்த நிகழ்வு காட்டியது. நமது அளவிலான இடங்களுக்கு நான் டெபியனையே முதலில் சொல்வேன். தேடினால் வழிகாட்டிகள் அதிகம் கிடைக்க வேண்டும் என்பவர்கள் உபுண்டுவை எடுக்கலாம்.

13. லினக்ஸில் வெறும் கறுப்புத் திரைதான் வருமாம். எங்களால் முடியுமா?

முடியும். சேவையகத்தில் வரைகலைத் திரை இல்லாமல் வைப்பது நினைவகத்தை மிச்சப்படுத்தும். திருத்த வேண்டிய மென்பொருளின் அளவையும் குறைக்கும். கொக்பிட் என்னும் கருவியை நிறுவினால், உங்கள் மேசைக் கணினியின் உலாவியிலிருந்தே வட்டு நிலை, சேவைகள், இற்றைப்படுத்தல் ஆகியவற்றைப் பார்க்கலாம். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் மாணவர் ஒருவர் ஓரிரு வாரங்களில் தேவையான கட்டளைகளைப் பழகிக்கொள்வார்.

14. அலுவலகக் கணினிகள் எல்லாம் விண்டோஸ். அவை லினக்ஸ் சேவையகத்தோடு பேசுமா?

பேசும். சம்பா என்னும் மென்பொருள் 1992 முதலே அந்த வேலையைச் செய்துவருகிறது. விண்டோஸ் கணினிக்கு அது இன்னொரு பகிரப்பட்ட கோப்புறையாகவே தெரியும். 2012 இல் வந்த சம்பா 4 முதல், பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டொமைன் கட்டுப்பாட்டாளராகவும் அது செயற்படுகிறது. முப்பது கணினிகளுக்குக் குறைந்த இடத்தில் அந்த இரண்டாவது வசதி பெரும்பாலும் தேவைப்படாது.

15. கோப்புகளை லினக்ஸ் சேவையகத்துக்குக் கொப்பி பண்ணும்போது, நீளமான தமிழ்ப் பெயர் உள்ளவை மட்டும் போக மறுக்கின்றன. ஏன்?

வட்டில் கோப்புகளைச் சேமிக்கும் விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையில் ஒரு கோப்பின் பெயர் 255 குறியீடுகள் வரை இருக்கலாம். லினக்ஸில் வழக்கமான இ.எக்ஸ்.டி. 4 முறையில் எல்லை 255 பைட்டுகள். ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும்; யூனிகோட் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். ஆகவே தமிழ்ப் பெயர் 85 குறியீடுகளோடு நின்றுவிடும். ‘கி’ என்பது க, இகரக் குறி என இரண்டு குறியீடுகளாகக் கணக்கிடப்படுவதால், கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளில் அது இன்னும் குறையும். ஒரு சுற்றறிக்கையின் முழுத் தலைப்பையும் கோப்புப் பெயராக வைப்பவர்களுக்கே இது நேர்கிறது. பெயரைச் சுருக்குங்கள், தமிழை விட வேண்டியதில்லை.

பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணங்கள் சேவையகத்தில் தேடலில் அகப்படாதது வேறு காரணத்தால். அவற்றுள் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளே. யூனிகோடுக்கு மாற்றும் வரை எந்த இயங்குதளத்தாலும் அவற்றைத் தமிழாகத் தேட முடியாது.

16. மின்வெட்டுக்கு யூ.பி.எஸ். வாங்கிவிட்டோம். ஆனாலும் வட்டு பழுதாகிவிட்டது.

யூ.பி.எஸ். சில நிமிடங்களை மட்டுமே தரும். அந்த நிமிடங்களுக்குள் சேவையகம் தானாக மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு யூ.பி.எஸ்.ஸிலிருந்து கணினிக்கு யூ.எஸ்.பி. கம்பி ஒன்று போக வேண்டும்; லினக்ஸில் நட் என்னும் மென்பொருள் மின்கலம் தளர்வதைக் கண்டு ஒழுங்காக மூடும். கம்பி இணைக்கும் வசதியே இல்லாத மலிவு யூ.பி.எஸ். வாங்கினால், இரவில் வரும் மின்வெட்டுக்கு நீங்கள் ஆயத்தமில்லை. லேசர் அச்சுப்பொறியை அதே யூ.பி.எஸ்.ஸில் செருகாதீர்கள்; அது சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யூ.பி.எஸ். தாங்காது.

17. கொழும்பில் இருந்துகொண்டு இங்குள்ள சேவையகத்தைப் பார்க்க முடியவில்லை. போர்ட் ஃபோர்வர்டிங் எல்லாம் செய்துவிட்டோம்.

ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான தொகுதியிலோ, மூன்றாம் பதிலில் சொன்ன தனியார் தொகுதிகளிலோ இருந்தால், உங்களுக்குச் சொந்தமாகப் பொது முகவரி இல்லை. இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. நான்காம் தலைமுறை ரவுட்டர்களில் இது வழமை. வெளியிலிருந்து வரும் அழைப்பைச் சேவையகத்துக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபோர்வர்டிங் உட்பட, உங்கள் பக்கம் எதை மாற்றினாலும் அந்த அழைப்பு உள்ளே வராது. நிறுவனத்திடம் பொது முகவரி கேட்கலாம். அல்லது பொது முகவரி உள்ள சிறியதொரு மெய்நிகர்ச் சேவையகத்தை வாடகைக்கு எடுத்து, உங்கள் சேவையகம் அதனோடு வயர்கார்ட் சுரங்கவழியை, அதாவது பிறர் படிக்க முடியாத தனி இணைப்பை, உள்ளிருந்து வெளியே திறக்கும்படி அமைக்கலாம்.

பொது முகவரி கிடைத்தவர்களுக்கும் ஒன்று: தொலைவிலிருந்து கணினித் திரையை இயக்கும் விண்டோஸின் தொலைத்திரைச் சேவைக்குரிய 3389 ஆம் வாயிலை (இது சுவிட்சின் துளை அல்ல, சேவையைக் குறிக்கும் எண்) இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடாதீர்கள். கடவுச்சொற்களை இயந்திரத்தால் அடுத்தடுத்து முயலும் தாக்குதல்கள் அந்த வாயிலுக்கு ஓயாமல் வருகின்றன. முதலில் சுரங்கவழி, அதற்குள் தொலைத்திரை.

18. இரண்டு வட்டு போட்டிருக்கிறோமே, இன்னும் எதற்கு பெக்கப்?

இரட்டை வட்டு, ஒரு வட்டு பழுதானாலும் வேலை நிற்காமல் காக்கும். ஆனால் தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் வந்தால் இரண்டும் பூட்டப்படும். பிரதி மூன்று இருக்கட்டும், இரண்டு வேறு சாதனங்களில் இருக்கட்டும், ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும். மண்சரிவு அபாயமுள்ள சரிவில் கட்டடம் இருந்தால், அந்த வேறு இடம் அதே மலையில் இருக்கக் கூடாது. தவணைக்கு ஒரு முறையாவது பிரதியிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பாருங்கள்.

19. சேவையகத்தைப் பார்த்துக்கொண்ட ஆசிரியர் இடமாற்றத்தில் போய்விட்டார். கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. இனி என்ன செய்வது?

வட்டு மறையாக்கம் செய்யப்படாத லினக்ஸ் என்றால், கணினிக்கு முன்னால் அமர்ந்து, தொடக்கப் பட்டியலின் வழியாகப் புதிய கடவுச்சொல் இடலாம். விண்டோஸ் சேர்வரிலும் நிறுவல் வட்டின் உதவியோடு வழி உண்டு. ஆனால் விண்டோஸின் வட்டு மறையாக்கமான பிட்லொக்கர் போடப்பட்டிருந்து, மீட்புச் சாவியும் இல்லையென்றால் தரவு போனது போனதுதான். அப்போது பதினெட்டாம் பதிலில் சொன்ன பிரதிகளே மிஞ்சும். ரவுட்டரைப் பின்புறப் பொத்தானால் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவரலாம், ஆனால் இணைய நிறுவனம் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இருந்த பிறகே அதை அழுத்துங்கள்.

அடுத்த இடமாற்றத்துக்கு முன் ஒரே தாளில் இவற்றை எழுதுங்கள்: சேவையகத்தின் முகவரி, நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல், இயங்குதளத்தின் பெயரும் அதன் ஆதரவு முடியும் ஆண்டும், பிரதிகள் இருக்கும் இடம், ரவுட்டரின் விவரம். தாளை உறையிலிட்டு ஒட்டி, அதிபரின் அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். கடவுச்சொல் மாறும் ஒவ்வொரு முறையும் தாளும் மாற வேண்டும்.